இப்போது 8700ஜி, அடுத்த வருடம் கார்டு: இந்தத் திட்டம் சரியா?

தங்கைக்கு_பிசி
எல்லோருக்கும் வணக்கம். தங்கை ஆர்க்கிடெக்சர் முதலாம் வருடம் சேர்ந்திருக்கிறாள். ஆட்டோகேட், கொஞ்சம் பிளெண்டர், ராத்திரி வேலரன்ட் கேம், இவ்வளவுதான் அவள் வேலை. இப்போது கிராபிக்ஸ் கார்டுக்குப் பணம் இல்லை, அதனால் ஏஎம்டியின் ரைசன் 7 8700ஜி பிராசசர் வாங்கி அதற்குள்ளேயே இருக்கும் 780எம் கிராபிக்ஸை வைத்து ஒரு வருடம் ஓட்டிவிட்டு அப்புறம் கார்டு போடலாம் என்று நினைக்கிறேன். கடைக்காரர், 16 ஜிபி ரேமை ஒரே ஸ்டிக்காகப் போடுங்கள், இன்னொன்றைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்கிறார். இது சரியா? இன்னொரு சந்தேகம்: 780எம்மில் 12 கம்ப்யூட் யூனிட் (கிராபிக்ஸ் கணக்கைப் போடும் பகுதிகள்) இருந்தும் ஏன் சாதாரண கார்டுகூட இதைத் தாண்டிப் போகிறது? ஏஎம்டி பேசாமல் 24 வைத்திருக்கலாமே?

பழைய_மதர்போர்டு
ஒரே ஸ்டிக் மட்டும் வேண்டவே வேண்டாம் தம்பி. உள்ளே இருக்கும் ஜிபியுவுக்கு, அதாவது கிராபிக்ஸ் பகுதிக்குத் தனி மெமரி கிடையாது, உங்கள் ரேம்தான் அதற்கும் மெமரி. டிடிஆர்5-6000 இரண்டு ஸ்டிக் போட்டால் நொடிக்கு 96 ஜிபி போகும், ஒன்று என்றால் 48தான், அதையும் சிபியுவோடு பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். ஆர்எக்ஸ் 6600 கார்டை எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு நொடிக்கு 224 ஜிபி, முழுக்க அதற்கே. கார்டு முந்துவதற்கு முதல் காரணம் இதுதான்.

நான் இதே வகையில் பழைய சிப்பான 5600ஜி வாங்கியபோது எனக்கும் ஒரே ஸ்டிக்தான் போட்டுக் கொடுத்தார்கள். இரண்டு மாதம் கேம் திக்கித் திக்கி ஓடியது, சிப்பே சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் பிசியின் விவரங்களைக் காட்டும் சிபியு-இசட் மென்பொருளைத் திறந்து பார்த்தால் மெமரி பக்கத்தில் 'சிங்கிள்' என்று இருக்கிறது. அதே மாடலில் இன்னொரு ஸ்டிக் வாங்கி, பிராசசர் பக்கமிருந்து எண்ணினால் வரும் 2, 4 ஸ்லாட்டுகளில் இரண்டையும் போட்டேன். அதே கேம், அதே செட்டிங், அன்றைக்கே திக்குவது நின்றுவிட்டது. உங்களுடையது டிடிஆர்5 என்பதால் அங்கே இரண்டு ஸ்டிக்குக்கு 4x32 பிட் என்று காட்டும், 2x32 என்றிருந்தால் ஒன்றுதான் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

சிலிக்கான்_கிறுக்கன்
மேலே சொன்னது அத்தனையும் சரி. ஆனால் நான் கேட்க நினைப்பது, 8700ஜியே எதற்கு? கார்டு வாங்குவது உறுதி என்றால் அந்தச் சிப் உங்களுக்குப் பொருந்தாது. அது லேப்டாப்புக்காகச் செய்த சிப், 178 சதுர மில்லிமீட்டருக்குள் சிபியு, ஜிபியு எல்லாம் ஒரே துண்டாக இருக்கிறது. ஜிபியுவுக்கு அவ்வளவு இடம் கொடுத்தால் வேறெங்காவது குறைக்கத்தானே வேண்டும்? எல்3 கேஷ் (சிபியு தன் கைக்குள் வைத்திருக்கும் வேகமான சின்ன மெமரி) 16 எம்பிதான், ரைசன் 7 7700இல் 32 எம்பி. நாளைக்கு நல்ல கார்டு போட்டபிறகு கேமில் இந்த வித்தியாசம் தெரியும். கார்டையும் சிபியுவையும் இணைக்கும் பிசிஐஇ 4.0 பாதையில் கார்டுக்குக் கிடைப்பதும் 8 லேன்தான், ஆனால் ஆர்எக்ஸ் 6600 மாதிரியான கார்டுகள் கேட்பதே 8 லேன் என்பதால் அது பெரிய கவலை இல்லை. 8500ஜி பக்கம் மட்டும் போகாதீர்கள், அதில் 4 லேன்தான்.

7600, 7700 மாதிரியான சிப்களிலும் ஜிபியு இருக்கிறது, வெறும் 2 யூனிட். திரையில் படம் வரவும் வீடியோ பார்க்கவும் போதும், கேமுக்கு ஆகாது.

என்னைக் கேட்டால் 8600ஜி. அதன் 760எம்மில் 8 யூனிட், ஆனால் இரண்டுக்கும் ரேம் ஒன்றுதானே, அதனால் 8க்கும் 12க்கும் கணக்கில் தெரிகிற அளவு வித்தியாசம் கேமில் வராது. வேலரன்டுக்குத் தாராளம். பிளெண்டர் ரெண்டரைச் சிபியுவில் ஓட்டினால் அங்கே மட்டும் 8 கோர் இருந்தால் வேகம் கூடும், முதலாம் வருடத்துக்கு 6 போதும்.

இரவுநேர_ரெண்டர்
24 யூனிட் கேள்விக்கு: இந்தச் சிப்கள் உட்காரும் ஏஎம்5 சாக்கெட்டில் ரேமுக்குப் போகும் வழியின் அகலம் 128 பிட்தான். 24 வைத்தாலும் பாதி டேட்டாவுக்காகக் காத்துக்கொண்டு நிற்கும். இன்டெல் 2015இல் ஐ7-5775சி-யில் இதே சிக்கலை வேறு விதமாகச் சமாளித்தது, சிப்பின் பக்கத்திலேயே ரேமைவிட வேகமான 128 எம்பி ஈடிராம் மெமரியை வைத்தார்கள். எனக்கு இன்றும் பிடித்த டிசைன் அது, செலவு பிடிக்கும் என்பதால் டெஸ்க்டாப்பில் தொடராமல் போனதில் உண்மையிலேயே வருத்தம். ஏஎம்டி 2025இல் ரைசன் ஏஐ மேக்ஸ் பிளஸ் 395இல் 40 யூனிட் வைத்தது, ஆனால் அதற்காக 256 பிட் மெமரி, நொடிக்கு 256 ஜிபி, ரேமைப் போர்டிலேயே பற்றவைத்துவிட்டார்கள். பின்னால் ரேம் மாற்ற முடியாது, சாக்கெட்டும் கிடையாது. பெரிய ஜிபியு வேண்டுமென்றால் இந்த விலையைக் கொடுத்துத்தான் ஆகவேண்டும்.

தங்கைக்கு_பிசி
ரொம்ப நன்றி அண்ணா, எல்லோருக்கும்தான். 8600ஜி, 16 ஜிபி ஸ்டிக் இரண்டு என்று முடிவு செய்துவிட்டேன், மிச்சமாகும் பணம் கார்டுக்கு. பயாஸில் ஏதாவது மாற்ற வேண்டுமா?

பழைய_மதர்போர்டு
ரேமை அதன் முழு வேகத்தில் ஓட வைக்கும் எக்ஸ்போ செட்டிங்கை ஆன் செய்யுங்கள், இல்லையென்றால் ரேம் 6000இல் ஓடாது. ஜிபியு மெமரி ஒதுக்கீட்டை ஆட்டோவிலேயே விடுங்கள், மெமரி போதவில்லை என்று ஏதாவது கேம் சொன்னால் மட்டும் 4 ஜிபி வையுங்கள். அப்புறம், முதல் தடவை ஆன் செய்ததும் சில நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கும், டிடிஆர்5 தன்னைச் சரிபார்த்துக்கொள்ளும் நேரம் அது. பயந்து ஸ்விட்சை அணைத்துவிடாதீர்கள்.