சிறிய பெல்லட் கிரில்லில் வெப்பம் நிலைக்கவில்லை: ஆலோசனை தேவை

வணக்கம். வீட்டுக் கொல்லையில் இறைச்சியைப் புகையூட்டவும் வாட்டவும் மரத்தூளை அழுத்திச் செய்த சிறு உருளைகளை (பெல்லட்) எரித்து இயங்கும் ஒரு சிறிய கிரில்லைச் சில வாரங்களாகச் சோதித்து வருகிறேன். வெப்பத்தை 107 டிகிரி செல்சியஸில் வைத்தால், முதல் ஒரு மணி நேரம் ஒழுங்காக இருந்துவிட்டு, பிறகு காற்று சற்று வீசினாலும் 90க்கு இறங்கி, அதை ஈடுகட்டுவதுபோல் உடனே 130ஐத் தாண்டிவிடுகிறது. பெல்லட்டைத் தள்ளும் திருகு சீராகவே சுழல்கிறது. எரிகிண்ணத்துச் சாம்பலை ஒவ்வொரு முறையும் அகற்றுகிறேன். பெல்லட்டும் ஈரத்தில் ஊதிப்போகவில்லை. மெல்லிய தகடு வெப்பத்தைத் தக்கவைக்காததே காரணம் என்பது என் ஊகம் என்றாலும், வெப்ப உணரி பொருத்தப்பட்டிருக்கும் இடத்தின் மீதும் சந்தேகம் உண்டு. (திரை காட்டும் எண்ணும் கம்பித்தட்டின் மேல் நான் வைத்த வெப்பமானியின் எண்ணும் ஒருமுறைகூட ஒத்துப்போனதில்லை.) இத்தகைய கிரில்லுக்கு வெப்பக்காப்புப் போர்வை இட்டுப் பார்த்தவர்கள், அது பலனளித்ததா, அதிக வெப்பத்தில் வாட்டும்போது அதை அகற்றிவிட வேண்டுமா என்பதைத் தெரிவித்தால் மிகவும் உதவியாக இருக்கும்.