மாலபேக்கு அதிவேக வீதியின் எந்த வாசலால் இறங்குவது?

மட்டக்களப்பு கல்லடியிலிருந்து மாதம் ஒருமுறை அம்மாவை கொழும்புக்குப் பக்கத்திலுள்ள மாலபேக்கு கிளினிக் கொண்டுபோகிறோம். பழைய டொல்பின் வான். ஹபரணை, குருநாகல் தாண்டி கண்டி வீதியால் வந்து கடவத்தையில் அதிவேக வீதியில் ஏறுவோம். சிக்கல் அங்கேதான்.

முதல் தடவை பலகையைக் கவனிக்காமல் எதிர்ப்பக்கமாக, கெரவலப்பிட்டியப் பக்கம் திரும்பிவிட்டோம். நடுவில் திரும்ப வழியில்லையே, கட்டுநாயக்க வீதி வரை இழுத்துக்கொண்டு போனது. காசும் போச்சு, கிளினிக் நம்பரும் போச்சு. போன மாதம் கொட்டாவப் பக்கம் சரியாகப் பிடித்து, மெப் சொன்னபடி கடுவெலயில் இறங்கினோம். காலை 7.30, பள்ளிக்கூட நேரம். மாலபே போய்ச்சேர ஒரு மணித்தியாலம். கிளினிக்கில் விசாரித்தால் ஆளுக்கொரு கதை.

வரும் வியாழன் திரும்பவும் போகவேண்டும். அந்த நேரத்தில் கடுவெலயிலேயே இறங்குவதா, அடுத்த வாசலான அத்துருகிரிய வரை போய் இறங்குவதா, எது சுறுக்கு?