மறுமொழி: தைலமர மனு – இரண்டு திருத்தம், ஒரு செலவுக் கணக்கு

அண்ணே, எல்லோருக்கும் வணக்கம்.

தைலமரத் (யூகலிப்டஸ்) தோப்புகளால் கிணறும் கண்மாயும் வற்றுவது பற்றி அரசுக்குக் கொடுக்கப்போகும் மனுவின் வரைவைப் பார்த்தேன். "ஒரு தைலமரம் நாளுக்கு 100 லிட்டர் குடிக்கிறது" என்ற வரியை எடுத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் கணக்கு அது, எதிரே உட்காரும் அலுவலர் ஒரே நிமிடத்தில் உடைத்துவிடுவார். 3 மீட்டருக்கு 1.5 மீட்டர் இடைவெளியில் நட்டால் மரத்துக்கு 4.5 சதுர மீட்டர் தரை. புதுக்கோட்டைக்கு ஆண்டு மழை 900 மி.மீ. என்று வையுங்கள், அந்தத் தரையில் விழுவது மொத்தமே 4,050 லிட்டர், நாளுக்கு 11. நூறு லிட்டர் குடிக்க 8 மீட்டர் மழை வேண்டும். அது சிரபுஞ்சியில்தான் பெய்யும்.

அந்த 11 லிட்டர்தான் நமக்குக் கேடு. ஆடியில் விதைத்த கடலை ஐப்பசியில் வெளியேறிவிடும். அதற்குப் பிறகு பெய்யும் அடைமழையில் மண் நனைந்தது போக மிஞ்சுவது கிணற்றுக்கு இறங்கும். தைலமரம் 12 மாதமும் இலையோடு நிற்கிறது, ஆழமான மண் கிடைத்தால் வேர் வருடத்துக்கு 2 மீட்டருக்கு மேல் இறங்குகிறது. கர்நாடகத்து ஹொசகோட்டையில் அளந்து பார்த்தபோது, இளமரங்கள் பெய்த மழையைவிட அதிகமாக உறிஞ்சியிருந்தன. கூடுதல் தண்ணீர் அடிமண்ணில் பழைய காலத்தில் சேர்ந்த ஈரம். ஆகவே "பெய்யும் மழையில் நிலத்தடிக்கு மிச்சம் விடுவதில்லை" என்று எழுதுங்கள்.

அடுத்தது, தோப்புக்குள் சரிவுக்குக் குறுக்கே வெட்டியிருக்கும் குழியும் கரையும். வரைவில் இதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை! மரம் குடிப்பதற்கு முன்பே, கண்மாய்க்கு ஓடிவர வேண்டிய தண்ணீரை இந்தக் கரைகள் அங்கேயே நிறுத்திவிடுகின்றன. புலப்படத்தில் (நிலத்தின் சர்வே வரைபடம்) வரத்து வாரி, அதாவது கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் ஓடை, போகும் வழியைக் குறித்து, குறுக்கே கரை விழுந்த சர்வே எண்களை இணையுங்கள். மரத்தை அகற்றச் சொன்னால் கோப்பு வருடக்கணக்கில் நகரும். வாரியைத் திறப்பது ஜேசிபிக்குச் சில நாள் வேலை, அடுத்த மழைக்கே பலன் தெரியும். என் கணிப்பில் மனுவின் முதல் கோரிக்கையே இதுதான்.

இனி வாரி ஓரத்துப் பட்டா நிலங்கள். அங்கே நிற்கும் தைலமரத்தை அகற்ற, வெட்டுக்கூலிக்கு மட்டும் பணம் ஒதுக்கியிருக்கிறீர்கள். வெட்டி அப்படியே விட்டால் அடிக்கட்டையிலிருந்து மறுதாம்பு (மறுதுளிர்) கிளம்பும். பழைய வேர் கீழே தயாராக இருப்பதால் அது கன்றைவிட வேகமாகக் குடிக்கும். நீலகிரி கிளென்மார்கனில் சோலையும் புல்வெளியுமாக இருந்த நீர்ப்பிடிப்பில் கற்பூரமரம் (அதுவும் ஒரு யூகலிப்டஸ் வகைதான்) நட்டு அளந்தார்கள். நட்டதிலிருந்து வெட்டும் வரையிலான முதல் சுற்றில் ஓடை நீர் 16% குறைந்தது. வெட்டித் தழைத்த இரண்டாம் சுற்றில் குறைவு 25%. கோடை ஓட்டத்துக்கு அடி இன்னும் பலம்.

வெட்டுவதைத் தை முதல் பங்குனிக்குள் முடிக்க வேண்டும். தரையோடு தரையாக அறுத்து, கட்டையின் பட்டையைச் சுற்றிலும் மண்ணுக்குக் கீழே ஒரு சாண் வரை உரித்துவிடுங்கள், துளிர் பட்டைக்கு அடியிலிருந்துதான் வரும். அப்படியும் வருவதை ஆறு வாரத்துக்கு ஒருமுறை, தண்டு முற்றுவதற்குள் பிய்த்தெறிய வேண்டும். அரிவாளால் வெட்டினால் ஒன்று நான்காகும். இதற்கு ஒரு வருடமாவது ஆள்கூலி வையுங்கள். ஜேசிபி வைத்துத் தூரைப் பெயர்ப்பது சமதளத்தில் சரி. வாரிக் கரையில் செய்தால் இளகிய மண் அத்தனையும் கார்த்திகையில் கண்மாய்க்குள் வந்துவிடும்.

பட்டையை அங்கேயே உரித்துப் போடச் சொல்லுங்கள். மண்ணிலிருந்து மரம் எடுத்த சுண்ணாம்புச் சத்தில் பெரும்பங்கு பட்டையில்தான் இருக்கிறது, லாரியில் ஏறினால் போனது போனதுதான். சருகைக் கொளுத்தவும் கூடாது. தைலமரச் சருகின் மெழுகு ஏற்கெனவே மேல்மண்ணைத் தண்ணீர் ஒட்டாததாக்கி வைத்திருக்கும், தீ அதைக் கூட்டும். ஊரில் இருப்பவர்கள் பார்த்துவிடலாம்: காய்ந்த நாளில் சருகை விலக்கி, மண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். 5 விநாடிக்குள் இறங்கினால் நல்ல மண். சேம்பிலையில் விட்டது போல உருண்டு, ஒரு நிமிடம் தாண்டியும் நின்றால் மண் கெட்டிருக்கிறது. அங்கே முதல் மழை ஊறாமல் மேலோடு ஓடி அரிக்கும். இதற்கு மருந்து களிமண். அனுமதி வாங்கிக் கண்மாய் வண்டலை அடித்து, கொத்திக் கலந்து, முதல் இரண்டு வருடம் கொள்ளோ தட்டைப்பயறோ விதைக்கலாம். அதே இடத்தில் சவுக்கு வேண்டாம், அதுவும் வருடம் முழுக்கப் பசுமையாக நின்று குடிக்கிற மரம்தான்.

பணம் தருகிறவர்களிடம் அடுத்த வருடமே கிணறு ஊறும் என்று சொல்லிவிடாதீர்கள். தென்னாப்பிரிக்காவின் மொகோபுலானில் புல்வெளியில் யூகலிப்டஸ் நட்ட ஒன்பதாம் ஆண்டில் ஓடை முழுதாக வற்றியது. பதினாறாம் ஆண்டில் மரங்களை வெட்டினார்கள், தண்ணீர் திரும்ப மேலும் ஐந்து ஆண்டு ஆனது. காய்ந்துபோன அடிமண் முதலில் நனைய வேண்டும், அதற்குப் பிறகுதான் ஊற்றுக்கு.

திருத்திய வரைவைச் சனிக்கிழமைக்குள் குழுவில் போடுங்கள். வாரி குறித்த புலப்படம் இல்லாமல் அனுப்ப வேண்டாம்.