ஓசை ஒத்த சொற்களைக் கேட்டு உணரவும் சொல்லவும் நான்கு வயதுக் குழந்தைகளைப் பழக்குவது எப்படி?

மழலை வகுப்பு, தஞ்சை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் தஞ்சை மாவட்டத்தில் ஒரு மழலையர் பள்ளியில் நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகளுக்கு ஆசிரியையாக இருக்கிறேன். தமிழே வீட்டுமொழியாக உள்ள குழந்தைகள்தாம் பெரும்பாலோர். பாடல்களைத் தாளம் தப்பாமல் பாடுகிறார்கள். ஒரு வரியை நான் பாதியில் நிறுத்தினால் மீதியைச் சேர்ந்திசையாக முடித்தும் விடுகிறார்கள். ஆனால் ஓசை ஒத்த சொற்களைத் தனியே எடுத்துக் கேட்கும்போது நிலைமை மாறிவிடுகிறது. ‘கல்’ போல ஒலிக்கும் இன்னொரு சொல்லைக் கேட்டால் ‘மண்’ என்கிறார்கள். ‘பால்’ என்றால் ‘டம்ளர்’ என்று விடை வருகிறது. இன்னும் சிலர் ‘பால்’ என்றவுடன் ‘பாட்டி’ என்கிறார்கள். அதைத் தவறென்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

எங்களுக்குக் கிடைக்கும் பயிற்சித் தாள்கள் ஆங்கில முறையை ஒட்டியவை. அவை சொல்லின் இறுதி ஒலியை மட்டுமே கவனிக்கச் சொல்கின்றன. தமிழ்க் குழந்தைகளுக்கும் இதே வழியைத்தான் பின்பற்ற வேண்டுமா? எதை முதலில் தொடங்கி, எதைப் பின்னுக்கு வைப்பது? நம் எழுத்துகள் பெரும்பாலும் ஓர் அசையின் ஒலியை முழுதாகவே காட்டுகின்றன. அப்படியிருக்க, இந்தப் பயிற்சி தமிழ் படிக்கக் கற்பதற்கு உண்மையிலேயே உதவுமா? அனுபவம் உள்ளவர்கள் விரிவாக எழுதினால் எங்கள் வகுப்புக்குப் பெரிதும் பயன்படும்.

---

செவிமொழி எழுதியது:

வணக்கம் அம்மா. குழந்தைகளின் பேச்சுமொழி வளர்ச்சிக்குப் பயிற்சி அளிக்கும் பணியில் இருக்கிறேன்.

‘கல்’ என்றதற்கு ‘மண்’ என்று சொல்லும் குழந்தைக்குக் காது கேட்கவில்லை என்றோ புரியவில்லை என்றோ எண்ண வேண்டாம். அந்த வயதில் சொல் என்றால் பொருள்தான். கல்லை நினைத்தால் மண்ணும் உடன் நினைவுக்கு வருகிறது. பொருளைச் சற்றே விலக்கி வைத்துவிட்டு ஒலியை மட்டும் கவனிப்பதே இங்கு நாம் கற்றுத்தரும் புதிய செயல். ஆகவே ‘இதைப் போல ஒலிக்கும் சொல் சொல்’ என்று தொடக்கத்திலேயே கேட்பது, கடைசிப் படியில் முதலில் ஏறச் சொல்வதாகிவிடும். சொல்லை உருவாக்கித் தருவது, ஒத்திருப்பதை இனங்காண்பதைவிடக் கடினமானது. இரண்டுக்கும் இடையே பல மாதங்கள் இடைவெளி இருந்தாலும் கவலைப்பட வேண்டியதில்லை.

முதலில் கேட்கச் செய்யுங்கள். ‘பால், வால்’ என்று இரண்டு சொற்களைத் தெளிவாகச் சொல்லி, இரண்டும் ஒன்றுபோல ஒலிக்கின்றன என்று நீங்களே எடுத்துக்காட்டுங்கள். பிறகு ‘பால், மரம்’ என்று சொல்லி, இவை ஒன்றுபோல ஒலிக்கவில்லை என்று காட்டுங்கள். விளக்கத்தைவிட எடுத்துக்காட்டுகளின் எண்ணிக்கையே இந்த வயதில் வேலை செய்யும். அதன் பின் மூன்று படங்களை வைத்து, சேராத ஒன்றை எடுக்கச் சொல்லலாம். இதில் ஒரு நுட்பம் உண்டு. ‘பால், வால், பூ’ என்று கொடுத்தால் குழந்தை எளிதில் பிரித்துவிடும், ஆனால் கூர்ந்து கேட்டிருக்காது. ‘பால், வால், மான்’ என்று கொடுத்தால் மூன்றிலும் ஒரே உயிரொலி இருப்பதால், இறுதி மெய்யைக் கேட்டால்தான் விடை கிடைக்கும். முதல் வகையில் தொடங்கி இரண்டாம் வகைக்கு மெல்ல நகருங்கள். படங்கள் அவசியம் வேண்டும். மூன்று சொற்களை மனத்தில் இருத்திக்கொள்வதே நான்கு வயதில் பெரும் சுமை என்பதால், படம் இல்லாவிட்டால் நாம் அளப்பது நினைவாற்றலாகத்தான் இருக்கும்.

பொருளற்ற சொற்களை மனமுவந்து ஏற்றுக்கொள்ளுங்கள். ‘பால்’ என்றதற்கு ஒரு குழந்தை ‘யால்’ என்றோ ‘ஜால்’ என்றோ சொன்னால் அந்தக் குழந்தை ஒலியைப் பிடித்துவிட்டது என்று பொருள். ‘அப்படி ஒரு சொல் இல்லை’ என்று திருத்திவிட்டால் மறுபடியும் பொருளைத் தேடத் தொடங்கிவிடும்.

இன்னொன்று. அடிக்கடி சளி பிடித்து, காது வலியோ சீழோ வரும் குழந்தைகள் உங்கள் வகுப்பில் இருந்தால் அவர்களைத் தனியே கவனியுங்கள். நடுச்செவியில் நீர் தேங்கியிருக்கும் காலத்தில் கேட்கும் திறன் ஏறி இறங்கும். பேசினால் திரும்பிப் பார்ப்பார்கள், ஆனால் மெல்லிய மெய்யொலி வேறுபாடுகள் நழுவிப்போகும். இத்தகைய குழந்தையைப் பயிற்சியால் வற்புறுத்தாமல், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டும்படி பெற்றோரிடம் சொல்வதே முறை.

---

யாப்பருவி எழுதியது:

ஆசிரியைக்கு வணக்கம். பல ஆண்டுகள் தொடக்கப் பள்ளியில் தமிழ் கற்பித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

‘பாட்டி’ என்று விடை சொன்ன குழந்தையைத் தவறென்று ஒதுக்காதது மிகச் சரி. நாம் அந்தக் குழந்தைக்கு எதைப் பாடிக் காட்டியிருக்கிறோம் என்று பாருங்கள். ‘நிலா நிலா ஓடி வா’ என்ற பாடலில் எல்லா வரியும் ‘வா’ என்றே முடிகிறது. அது ஒரே சொல் திரும்பத் திரும்ப வருவதுதான்; வெவ்வேறு சொற்கள் ஓசையால் இணைவதன்று. ஓசை இணைவது வரியின் முகப்பில்: நிலா, நில்லாமல், மலை, மல்லிகை. இது மோனை. தமிழ்ச் செய்யுளின் ஓசையழகு பெரும்பாலும் முதலெழுத்து ஒன்றும் மோனையிலும் இரண்டாம் எழுத்து ஒன்றும் எதுகையிலும் இருக்கிறது. இறுதி ஒன்றும் இயைபுக்கு அந்த அளவு இடமில்லை. ‘பால், பாட்டி’ என்று சேர்த்த குழந்தை தன் மொழியின் பாடல்கள் கற்றுத்தந்ததைச் சரியாகவே திருப்பித் தந்திருக்கிறது. ஆகவே தமிழில் தொடங்கும்போது மோனையை முதலில் விளையாட்டாக்குங்கள். பிறகு எதுகைக்கு வாருங்கள்.

எதுகையில் குழந்தைகளுக்கு ஏற்ற ஒரு வரிசை உண்டு. இலக்கணப்படி இரண்டாம் எழுத்து ஒன்றினால் போதும், முதலெழுத்து குறிலாயின் குறிலும் நெடிலாயின் நெடிலும் வர வேண்டும். அதனால் ‘தலை, இலை’ எதுகைதான். ‘காடு, வீடு’ எதுகைதான். ஆனால் குழந்தையின் செவிக்கு ‘தலை, வலை, மலை’ என்பவையும் ‘காடு, மாடு, நாடு’ என்பவையும்தான் உடனே ஒன்றாகத் தெரியும், ஏனெனில் அவற்றில் முதலெழுத்தின் உயிரும் மாறவில்லை. இவற்றில் நன்கு பழகிய பின்னரே ‘வீடு’ போன்றவற்றைச் சேருங்கள். ‘தட்டு, லட்டு, பட்டு’, ‘தொட்டி, ரொட்டி’ ஆகியவற்றைப் பொருளாகவே வகுப்பில் கொண்டுவந்து வைக்கலாம் என்பதால் எனக்கு அவை மிகவும் பிடித்தவை.

விகுதியில் ஏமாந்துவிடக் கூடாது. ‘வந்தான், போனான்’ என்பவையும் ‘பூக்கள், மாடுகள்’ என்பவையும் ஒன்றுபோல முடிகின்றன. ‘மரம், பாடம், வெள்ளம்’ எல்லாம் ‘அம்’ என்றே முடிகின்றன. இறுதி ஒலியை மட்டும் கவனிக்கச் சொல்லும் பயிற்சித் தாள்களைத் தமிழுக்கு அப்படியே கொண்டுவந்தால், இந்த முடிவுகளைக் கொண்டே குழந்தை எல்லா விடைகளையும் சொல்லிவிடும். சொல்லின் உள்ளே கேட்கப் பழகாது. ‘பட்டம், கட்டம், வட்டம்’ என்று முதலெழுத்து நீங்கலாக மற்றவை முழுதும் ஒத்திருக்கும் சொற்களையே தேர்ந்தெடுங்கள்.

இப்போது நான் வலியுறுத்திச் சொல்ல விரும்புவதற்கு வருகிறேன். சொல்லை உருவாக்கச் செய்வதற்கான வழி உங்கள் குழந்தைகளின் வாயிலேயே இருக்கிறது. ‘பணம் கிணம்’, ‘பாம்பு கீம்பு’, ‘தோசை கீசை’ என்று வீடுதோறும் பேசுகிறோம். எதிரொலிச் சொல் என்று இலக்கண ஆசிரியர்கள் சொல்லும் இந்த வழக்கில் முதலெழுத்தின் இடத்தில் குறிலுக்குக் ‘கி’யும் நெடிலுக்குக் ‘கீ’யும் வருகின்றன, மற்றதெல்லாம் அப்படியே நிற்கிறது. எதுகைக்குச் சொன்ன அதே விதி! முதலெழுத்தைக் கழற்றி வேறொன்றை மாட்டும் செயலை, யாரும் கற்றுத்தராமலேயே தமிழ்க் குழந்தை காதால் கேட்டு வளர்கிறது. ஒரு பொம்மையைக் கையில் வைத்துக்கொண்டு, அது எதைச் சொன்னாலும் கூடவே ‘கி’ சேர்க்கும் என்று அறிமுகப்படுத்துங்கள்: புலி கிலி, குடை கிடை, யானை கீனை. இரண்டொரு நாளில் குழந்தைகள் பொம்மையை முந்திக்கொண்டு சொல்வார்கள். பின்னர் பொம்மை வேண்டுமென்றே ‘பாம்பு கிம்பு’ என்று சொல்லட்டும். சிரித்துத் திருத்தும் குழந்தை நெடிலையும் குறிலையும் செவியால் பிரிக்கிறது என்று உறுதியாகக் கொள்ளலாம். ‘பட்டு’க்கும் ‘பாட்டு’க்கும் எழுத்தில் வேறுபாடு காட்டப் போகும் குழந்தைக்கு இதைவிட வேறென்ன முன்பயிற்சி வேண்டும்? அதற்குப் பிறகு ‘கி’யின் இடத்தில் ‘ம’, ‘வ’, ‘த’ என்று மாற்றச் சொல்லுங்கள். கிளி, கீரை, கிண்ணம் போன்றவற்றை மட்டும் இந்த விளையாட்டில் தவிர்த்துவிடுங்கள், அவற்றில் மாற்றம் தெரியாது.

---

இருமொழி வீடு எழுதியது:

என் மகள் ஆங்கில வழிப் பள்ளியில் எல்கேஜி படிக்கிறாள். பள்ளியில் ஆங்கில ரைம்ஸ், வீட்டில் பாட்டியின் பாடல்கள் என்று இரண்டும் அவளுக்குப் பழக்கம். இரண்டு மொழிச் சொற்களையும் கலந்து அவள் ஓசை சேர்ப்பதை நாங்கள் தடுப்பதில்லை. ‘மீன்’ என்பதோடு ‘கிரீன்’ என்பதைச் சேர்த்தாள். மொழி வேறாயினும் செவி ஒன்றுதானே என்று விட்டுவிட்டோம்.

பேச்சு வழக்கைப் பற்றியும் ஒரு சொல். வீட்டில் ‘பல்லு, கல்லு’, ‘கண்ணு, மண்ணு’ என்றுதான் குழந்தைகள் சொல்கிறார்கள். அந்த வடிவிலும் ஓசை ஒத்தே வருவதால், விளையாட்டின்போது எழுத்து வழக்கைக் கட்டாயப்படுத்த வேண்டாம் என்பது என் எண்ணம்.

---

மழலை வகுப்பு, தஞ்சை எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பொம்மை விளையாட்டைத் தொடங்கிவிட்டேன்; வகுப்பே கலகலப்பாகிவிட்டது. இரண்டு ஐயங்கள் எஞ்சியுள்ளன. ‘பழம்’ என்பதோடு ‘களம்’ என்பதைச் சேர்க்கும் குழந்தைகள் இருக்கிறார்கள். இதை ஏற்பதா, திருத்துவதா? எழுத்துகளை அறிமுகப்படுத்தும் முன் இந்தப் பயிற்சி முழுமை பெற்றிருக்க வேண்டுமா?

---

அரிச்சுவடி எழுதியது:

வணக்கம். வாசிப்புக் கற்றலைப் பற்றிய ஆய்வுகளைத் தொடர்ந்து படித்து வருபவன் என்ற முறையில் உங்கள் முதல் கேள்வியையும் இந்த இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஓசைப் பயிற்சிக்கும் வாசிப்புக்கும் உள்ள தொடர்பைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் 1983-இல் பிராட்லி, பிரையன்ட் என்ற இருவர் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வில்தான் தொடங்குவார்கள். நான்கு, ஐந்து வயதில் உள்ள 403 ஆங்கிலக் குழந்தைகளிடம், ஓசையால் சேராத சொல்லைக் கண்டுபிடிக்கும் சோதனையை நடத்தி, அவர்களின் பிற்கால வாசிப்போடு ஒப்பிட்டார்கள். சோதனையில் பின்தங்கிய 65 குழந்தைகளைப் பிரித்துச் சில குழுக்களுக்கு இரண்டு ஆண்டுகளில் பரவலாக 40 தனிப்பயிற்சிகள் அளித்தார்கள். அவர்களில் மிகுதியாக முன்னேறியவர்கள் ஓசைப் பயிற்சி மட்டும் பெற்றவர்கள் அல்லர். அதோடு பிளாஸ்டிக் எழுத்துகளையும் சேர்த்துப் பயின்றவர்களே. இந்த ஒரு செய்தி உங்கள் இரண்டாம் ஐயத்திற்கு விடையாகும். முழுமை பெறும்வரை காத்திருக்க வேண்டாம். எழுத்துகள் வரத் தொடங்கியதும் இரண்டையும் இணைத்துவிடுங்கள்.

ஆனால் ஓசை ஒத்த சொற்கள்தாம் வாசிப்பின் திறவுகோல் என்று அளவுக்கு மீறி எண்ணவும் கூடாது. பின்னர் வந்த ஆங்கில ஆய்வுகளில், சொல்லைத் தனித்தனி ஒலிகளாகப் பிரிக்கும் திறனே வாசிப்பை இன்னும் நன்றாக முன்னுணர்த்துவதாகக் கண்டார்கள். நம் எழுத்துமுறைக்கு நெருக்கமான கன்னடத்தில் சோனாலி நாக் 2007-இல் வெளியிட்ட ஆய்வு, அசைகளை உணரும் திறன் முன்னே வருவதையும், தனி ஒலிகளை உணரும் திறன் மெதுவாகவே வளர்வதையும், எழுத்துகளைக் கற்று முடிக்கப் பல ஆண்டுகள் ஆவதையும் காட்டியது. உயிர், மெய், உயிர்மெய், ஆய்தம் என 247 எழுத்துகளை உடைய தமிழிலும் இதே போக்கை எதிர்பார்க்கலாம் என்று நான் கருதுகிறேன். அதனால்தான் முதலெழுத்தை முழுதாக மாற்றும் எதுகை விளையாட்டு நம் குழந்தைகளுக்கு இயல்பாகப் பொருந்துகிறது: செவி பிரிக்கும் அலகும் எழுத்துக் காட்டும் அலகும் இங்கே ஒன்றாகவே இருக்கின்றன.

எழுத்தோடு இணைக்கும்போது சொற்களைக் கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். ‘பட்டம், கட்டம், வட்டம்’ என்பவற்றை எழுத்து அட்டைகளால் அமைத்தால் முதல் அட்டை ஒன்றை மாற்றினாலே போதும். செவியால் கேட்டதைக் கண்ணும் காணும். அடுத்து ‘காடு, மாடு, நாடு’. இவற்றில் துணைக்கால் மாறாமல் நிற்க, அதற்கு முன்னுள்ள குறி மட்டும் மாறுகிறது; உயிரொலி நின்று மெய்யொலி மாறுவதை முதன்முதலாகக் காட்ட இதைவிட நல்ல இடமில்லை. ‘ஆடு’ இவற்றோடு ஓசையில் முழுதும் ஒத்ததுதான், ஆயினும் எழுதும்போது துணைக்கால் மறைந்து ‘ஆ’ என்ற தனி வடிவம் வந்துவிடுகிறது. ஆகவே வாய்விளையாட்டில் அதைத் தாராளமாகச் சேருங்கள். அட்டைக்குக் கொண்டுவருவதைத் தள்ளிப்போடுங்கள்.

‘பழம், களம்’ பற்றி: வீட்டுப் பேச்சில் ழகரமும் ளகரமும் ஒன்றாகவே ஒலிக்கும் குழந்தைக்கு அவை ஒத்த சொற்கள்தாம். தான் கேட்டதைத் துல்லியமாகவே சொல்கிறது. அந்த இடத்தில் திருத்தினால், தன் செவியை நம்பக் கூடாது என்று கற்றுக்கொள்ளும். நீங்கள் மட்டும் எப்போதும் ழகரத்தைத் தெளிவாக ஒலியுங்கள். ழகர எழுத்தைக் கற்பிக்கும் வாரத்தில் ‘பழம், களம்’ இரண்டையும் மறுபடி எடுத்து, உங்கள் நாக்கின் நுனி எங்கே போகிறது என்று குழந்தைகளைப் பார்க்கச் சொல்லி, அவர்களையும் ஒலிக்கச் செய்யுங்கள்.

---

செவிமொழி எழுதியது:

அரிச்சுவடி ஐயா எழுதியதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ழகரம் ஐந்து வயதில் வராமல் இருப்பது இயல்பே. ஒலிக்க வராத குழந்தையிடமும் கேட்டுப் பிரிக்கும் பயிற்சியை மட்டும் நடத்தலாம்: நீங்கள் இரண்டு சொற்களில் ஒன்றைச் சொல்ல, அது உரிய படத்தைத் தொட்டுக் காட்டட்டும். வகுப்பு பெரிதாக இருந்தால் சேர்ந்து சொல்லும் பகுதியை முதலில் வைத்து, பிறகு பந்தை உருட்டிவிட்டு, பந்து யாரிடம் போகிறதோ அவரிடம் மட்டும் விடை கேளுங்கள். கூட்டக் குரலில் மறைந்துபோகும் குழந்தைகளை அப்போதுதான் அடையாளம் காண முடியும்.