கடைசியிலிருந்து படியுங்கள்: மருத்துவச் சொற்களோடு நமக்கு நேர்ந்தவை

மெடிக்கல் கோடிங், சென்னை

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, இத்தனை ஆயிரம் வார்த்தையை எப்படி மனப்பாடம் பண்ணுவது என்பதுதான். பண்ண வேண்டாம். பண்ணினாலும் நிற்காது.

தெரியாதவர்களுக்காக: அமெரிக்க டாக்டர்கள் எழுதிய குறிப்பை இங்கே உட்கார்ந்து படித்து, நோய்க்கு ஓர் எண், செய்த சிகிச்சைக்கு ஓர் எண் என்று போட்டுக் கொடுப்பது எங்கள் வேலை. அந்த எண்களைப் பார்த்துத்தான் அங்கே இன்சூரன்ஸ் பணம் தரும். நோய்க்கான எண் பட்டியலுக்குப் பெயர் ஐசிடி-10, அமெரிக்காவில் 2015 அக்டோபர் 1 முதல் அதுதான் நடைமுறை. சிகிச்சைக்கு சிபிடி.

எங்களுக்குப் பாடம் எடுத்த மேடம் பலகையில் கோலிசிஸ்டெக்டமி என்று எழுதிவிட்டு, ஒன்றும் சொல்லாமல், கடைசியிலிருந்து துண்டு துண்டாகக் கோடு போட்டார். எக்டமி, வெட்டி எடுப்பது. சிஸ்ட், பை. கோலி, பித்தம். அவ்வளவுதான், பித்தப்பையை எடுத்திருக்கிறார்கள். வகுப்பில் பாதிப் பேருக்கு அன்றைக்கே பயம் போய்விட்டது. லேப்ராஸ்கோப்பியில் செய்தால் அதற்கு எண் 47562, இன்றைக்குத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன், ஆனால் அது வேறு கதை.

அப்புறம் அந்த நடுவில் வரும் 'ஓ'. கேஸ்ட்ரோ என்றால் இரைப்பை. கேஸ்ட்ரோஸ்கோப்பி என்று சொல்லும்போது ஓ இருக்கிறது, கேஸ்ட்ரைட்டிஸ் என்று சொல்லும்போது காணோம். இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவர்கள் இதை ஒரு விதியாக எழுதிவைத்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். எங்களைப் போலத் தமிழ் மீடியம் ஆட்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஏனென்றால் இது எட்டாம் வகுப்புக் குற்றியலுகரம்தான். காசு + இல்லை என்றால் காசில்லை. உயிரெழுத்து வந்ததும் உகரம் ஓடிவிடுகிறதே, அதே மாதிரி உயிரொலி வந்ததும் ஓ ஓடிவிடுகிறது. ஒரே ஒரு விலக்கு, இரண்டு உறுப்புகள் சேர்ந்து வரும்போது ஓ அப்படியே நிற்கும்: கேஸ்ட்ரோஎன்ட்ரைட்டிஸ். என்னைக் கேட்டால் மருத்துவச் சொற்களைப் பிடிப்பது நமக்குத்தான் சுலபம். நம் மொழியில் முக்கியமான விஷயம் எப்போதும் சொல்லின் கடைசியில்தானே இருக்கும்? கல்லீரல், மண்ணீரல், நுரையீரல் எல்லாவற்றிலும் ஈரல் பின்னால்தான் நிற்கிறது.

கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டிய இடம் கடைசித் துண்டு ஒன்றுபோல ஒலிக்கிற இடம். கொலாட்டமி பெருங்குடலைக் கீறித் திறப்பது, கொலாஸ்டமி வயிற்றுத் தோல் வழியாகக் குடலுக்கு வாய் வைப்பது, கொலெக்டமி குடலையோ அதில் ஒரு பகுதியையோ எடுத்துவிடுவது. காதில் விழும்போது ஒன்றுபோலத்தான் இருக்கும், எண் தப்பினால் கிளெய்ம் டினையல் ஆகித் திரும்பி வரும். இன்னொன்று, நம் ஊர்ப் புத்தகங்களில் பிரிட்டிஷ் ஸ்பெல்லிங். உணவுக்குழாய் இங்கே 'ஓ'வில் தொடங்கும், அமெரிக்காவில் 'ஈ'. இண்டெக்ஸில் ஓ வரிசையைத் தேடிவிட்டு அந்த வார்த்தையே இல்லை என்று வந்து நிற்பவர்களை ஒவ்வொரு பேட்ச்சிலும் பார்க்கிறேன்.

உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.


ஸ்டாஃப் நர்ஸ், மதுரை

படித்த சொற்களைவிட ஜனங்கள் தாங்களாகப் பிரித்துக்கொள்ளும் சொற்கள்தான் எங்களுக்குப் பெரிய தலைவலி அண்ணா. கேஸ்ட்ரிக் என்றால் இரைப்பை சம்பந்தப்பட்டது, நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நம் ஊரில் அது 'கேஸ்' ஆகிவிட்டது. நெஞ்சு அடைக்கிறது, இடது கை வலிக்கிறது, வியர்த்துக் கொட்டுகிறது, ஆனாலும் "கேஸ்ட்ரிக்கா இருக்கும்மா" என்று சோடா குடித்துவிட்டு ராத்திரி முழுக்க வீட்டில் உட்கார்ந்திருந்து காலையில் வருவார்கள். ஈசிஜி எடுத்தால் ஹார்ட் அட்டாக்.

அதே மாதிரி ஹைபர்டென்ஷன். ஹைபர் என்றால் அதிகம், டென்ஷன் என்றால் இங்கே அழுத்தம், ரத்தக்குழாய்க்குள் இருக்கிற அழுத்தம். ஆனால் நாம் டென்ஷன் என்ற வார்த்தையை மனசுக்கு எடுத்துக்கொண்டுவிட்டோம். ஒரு பெரியவர், ரிட்டயர்டு வாத்தியார், நன்றாகப் படித்தவர், பிபி மாத்திரையை நிறுத்திவிட்டு வந்திருந்தார். ஏன் ஐயா என்றால், "இப்போ எனக்கு எந்த டென்ஷனும் இல்லம்மா, பொண்ணு கல்யாணம் முடிஞ்சிருச்சு" என்கிறார். 190க்கு 110 இருந்தது. அவரைக் குறை சொல்ல முடியுமா? அந்தச் சொல்லைக் கேட்டால் யாருக்கும் அப்படித்தானே தோன்றும். இப்போதெல்லாம் நான் அந்த வார்த்தையையே சொல்வதில்லை, ரத்தக் கொதிப்பு என்றுகூடச் சொல்வதில்லை (அதையும் கோபத்தோடு சேர்த்துவிடுகிறார்கள்), ரத்த அழுத்தம் என்று மட்டும்தான்.

ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு அழுகிறவர்களும் உண்டு. ஹைட்ரோயூரிட்டரோநெஃப்ரோசிஸ் என்று ஒரு முழ நீளத்துக்கு இருக்கும். பிரித்தால், ஹைட்ரோ நீர், யூரிட்டர் சிறுநீரகத்திலிருந்து இறங்குகிற குழாய், நெஃப்ர் சிறுநீரகம், ஓசிஸ் ஒரு நிலை. கீழே எங்கேயோ கல் அடைத்து, மேலே நீர் தேங்கியிருக்கிறது. 'மைல்டு' என்று போட்டிருந்து கல்லும் தானாக இறங்கிவிட்டால் பெரும்பாலும் வடிந்துவிடும். வார்த்தை நீளமாக இருப்பதற்கும் நோய் பெரிதாக இருப்பதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் இதோடு குளிர்காய்ச்சலும் வந்தால் ஒரு மணி நேரம்கூட வீட்டில் இருக்காதீர்கள், அது வேறு நிலைமை.

பக்கவாத வார்டில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒன்று. டிஸ்ஃபேஜியா, டிஸ்ஃபேசியா. முதலாவது விழுங்க முடியாதது, இரண்டாவது பேசச் சொல் வராமலோ பிறர் பேச்சு புரியாமலோ போவது. ஒரே நோயாளிக்கு இரண்டும் வரலாம், ஒன்று மட்டும் வரலாம். ஃபோனில் ஹேண்ட்ஓவர் கொடுக்கும்போது எழுத்துக் கூட்டிச் சொல்லுங்கள். விழுங்க முடியாதவருக்கு வாயில் தண்ணீர் ஊற்றினால் நுரையீரலுக்குப் போகும்.


டிகிரி மாணவி, திருச்சி

ஒரு சந்தேகம். ஓமா என்றால் கட்டி என்று படித்தேன். அப்படியென்றால் கிளாக்கோமா கண்ணில் வரும் கட்டியா?


மெடிக்கல் கோடிங், சென்னை

இல்லைம்மா. கிளாக்கோமா கண்ணின் உள்ளழுத்தத்தோடு சேர்த்துப் பேசப்படுகிற, பார்வை நரம்பைக் கெடுக்கிற நோய், அங்கே கட்டி எதுவும் கிடையாது. ஹீமடோமா ரத்தம் கசிந்து ஓரிடத்தில் சேர்ந்து வீங்குவது, புற்றுநோய் இல்லை. லைபோமா கொழுப்புக் கட்டி, சாது. ஆனால் லிம்ஃபோமா, மெலனோமா இரண்டும் புற்றுநோய், பெயரைப் பார்த்தால் லைபோமாவின் தங்கச்சி மாதிரி இருக்கும். அதனால் பிரித்துப் படிப்பது முக்கால்வாசி தூரம் கொண்டுபோய் விடும், மீதிக்குப் புத்தகத்தைத் திறந்துதான் ஆக வேண்டும். அனீமியாவைப் பிரித்தால் ரத்தமே இல்லாமை என்று வரும், அப்படி யாராவது நடமாட முடியுமா?


எம்பிபிஎஸ் இரண்டாம் ஆண்டு

அரசுப் பள்ளி, தமிழ் மீடியம், 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்தவன். முதல் வருஷம் அனாட்டமி புத்தகத்தைத் திறந்ததும் இது இங்கிலீஷே இல்லையே என்று தோன்றியது. உண்மையிலேயே இல்லைதான், பாதி கிரேக்கம், பாதி லத்தீன். என் சீனியர் அண்ணன் ஒருவர் சொன்னதுதான் எனக்குத் திறப்பு: உறுப்பின் பெயர் பெரும்பாலும் லத்தீன் வழி, அதற்கு வரும் நோயின் பெயர் பெரும்பாலும் கிரேக்க வழி. அதனால்தான் சிறுநீரகத் தமனி ரீனல், சிறுநீரக அழற்சி நெஃப்ரைட்டிஸ். ஒரே உறுப்புக்கு இரண்டு வேர். நெஞ்சுவலிக்காரருக்கு நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையை சப்லிங்குவல் என்கிறோம், நாக்கை அசைக்கிற பன்னிரண்டாவது மூளை நரம்பை ஹைப்போகிளாசல் என்கிறோம். ஒன்று லத்தீன், ஒன்று கிரேக்கம், இரண்டும் சொல்வது நாக்குக்கு அடியில் என்பதைத்தான். பள்ளிப் புத்தகத்தில் அந்த நரம்பை நாவடி நரம்பு என்று படித்ததாக ஞாபகம்.

தசைப் பெயர்களை எல்லோரும் திட்டுவார்கள். எனக்கு அவைதான் பிடித்தவை. ஸ்டெர்னோகிளைடோமாஸ்டாய்டு என்ற கழுத்துத் தசையின் பெயரிலேயே அது எங்கே ஒட்டியிருக்கிறது என்று இருக்கிறது: மார்பெலும்பு, காறையெலும்பு, காதுக்குப் பின்னால் கை வைத்தால் தட்டுப்படுகிற புடைப்பு. வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், "எங்கே தொடங்கி எங்கே முடிகிறது" என்று கேட்டால் பெயரையே மெதுவாகச் சொன்னால் போதும். முகத்தில் ஒரு தசை, லெவேட்டர் லேபியை சுப்பீரியோரிஸ் அலேக்யூ நேசை, மேலுதட்டையும் மூக்கின் சிறகையும் தூக்குவது என்று அர்த்தம். நாற்றம் அடித்தால் முகம் சுளிக்கிறோமே, அதைச் செய்கிற தசைகளில் ஒன்று. கண்ணாடி முன்னால் முகத்தைச் சுளித்துக்கொண்டே படித்தேன், ரூம்மேட் ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

அந்தக் காலத்தில் எலும்புக்குப் பெயர் வைத்தவர்களுக்கு நல்ல கற்பனை. டிபியா என்றால் லத்தீனில் புல்லாங்குழல். இடுப்பில் தொடையெலும்பு உட்காரும் குழிக்கு அசிடாபுலம், வினிகர் ஊற்றி வைக்கிற சின்னக் கிண்ணம். வால் எலும்பு காக்சிக்ஸ், குயிலின் அலகைப் பார்த்து வைத்தது.

ஒரு கஷ்டம் மட்டும் சொல்ல வேண்டும். நான் குறிப்புகளைத் தமிழ் எழுத்திலேயே எழுதுவேன், வேகமாக வரும். இலியம் என்று எழுதினால் சிறுகுடலின் கடைசிப் பகுதியா, இடுப்பெலும்பா? இங்கிலீஷில் நடுவில் ஒரே எழுத்துதான் வித்தியாசம், தமிழில் அதுவும் இல்லை. இப்போது 'குடல் இலியம்', 'எலும்பு இலியம்' என்று எழுதி வைத்துக்கொள்கிறேன்.


யாழ்ப்பாணம்

தம்பி, நீர் தமிழ் எழுத்தில குறிப்பு எழுதுறது எங்கட ஊருக்குப் புதிசு இல்லை. 1847இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க மிஷனரி வைத்தியர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் பெடியன்களுக்கு மேலைநாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பித்தவர். பாடப்புத்தகம் இல்லாததால் தானும் மாணவர்களுமாக மொழிபெயர்த்தார்கள். அவர் எல்லாச் சொல்லையும் தமிழாக்க வேண்டும் என்று நின்றவர் இல்லை. இருக்கிற சொல்லை எடுத்தார், சிலதுக்குச் சமஸ்கிருதம் பக்கம் போனார், சிலதை ஒலியோடு அப்படியே தமிழுக்குள் இழுத்தார். இரசாயனப் புத்தகத்துக்குக் 'கெமிஸ்தம்' என்றே பெயர். எனக்கு அந்தப் போக்குப் பிடிக்கும். இன்றைக்குத் தமிழ்ச் சொல்லா ஆங்கிலச் சொல்லா என்று சண்டை பிடிக்கிறவர்கள் அவர் செய்த வேலையில் கொஞ்சமாவது பார்த்திருக்கலாம்.

இங்கே ஆசுபத்திரிப் பலகையில் சத்திரசிகிச்சை, குருதியமுக்கம், தாதியர் என்று இருக்கும். தமிழ்நாட்டில் அறுவை சிகிச்சை, இரத்த அழுத்தம், செவிலியர். வேலூருக்குச் சிகிச்சைக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனபோது, அம்மா தனக்குச் "சீனி வருத்தம்" என்றார். அங்கே இருந்த பிள்ளைக்கு விளங்கவில்லை, அம்மா எதுக்கோ கவலைப்படுகிறார் என்று நினைத்துத் தேறுதல் சொல்லத் தொடங்கிவிட்டது. எங்களுக்கு வருத்தம் என்றால் நோய். கடைசியில் 'டயபடீஸ்' என்றதும் இரண்டு பக்கமும் சரியாகிவிட்டது.


மருந்தாளுநர், கோவை

நோய்ப் பெயரையே எல்லோரும் பேசுகிறீர்கள். மருந்துப் பெயரிலும் இதே வித்தைதான், இன்னும் ஒழுங்காக. மூலப்பெயர்களை, அதாவது எந்தக் கம்பெனி விற்றாலும் மாறாத மருந்தின் சொந்தப் பெயர்களை, உலக சுகாதார நிறுவனம் 1950களிலிருந்து வரையறுத்து வருகிறது, ஒரே குடும்ப மருந்துகளுக்குப் பெரும்பாலும் ஒரே வால் இருக்கும். பிரில் என்று முடிந்தால் ஒரு வகை பிபி மருந்து, எனலாபிரில், ராமிபிரில். சார்டன் என்றால் அதற்குப் பக்கத்து வகை. பிரில் சாப்பிடுகிற சிலருக்கு வறட்டு இருமல் வரும், டாக்டர் அதை நிறுத்திவிட்டு சார்டன் எழுதுவார். ஸ்டாட்டின் கொலஸ்ட்ராலுக்கு, கிளிப்டின் சர்க்கரைக்கு, ஓலால் என்று முடிந்தால் இதயத் துடிப்பைக் குறைக்கிற பீட்டா பிளாக்கர்.

இதைத் தெரிந்துகொள்வதால் என்ன பயன் என்றால், எங்கள் கடைக்கு ஒரு அம்மா இரண்டு சீட்டோடு வந்தார். ஒன்று பிபி டாக்டர், ஒன்று கிட்னி டாக்டர். ஒன்றில் டெல்மிசார்டன், மற்றதில் லோசார்டன். பிராண்டு பெயர், கலர், அட்டை எல்லாம் வேறு வேறு, அதனால் அவருக்கு இரண்டும் தனித்தனி மருந்துதான். இரண்டுக்கும் ஒரே வால். மருந்தைக் கொடுக்காமல் டாக்டருக்கு ஃபோன் பண்ணச் சொன்னேன், ஒன்றை நிறுத்திவிட்டார்கள். பிராண்டைப் பார்க்காதீர்கள், அட்டையில் இருக்கிற மூலப்பெயரின் கடைசி எழுத்துகளைப் பாருங்கள்.

கண்ணி வைத்திருக்கிற வாலும் உண்டு. 'அசோல்' என்று மட்டும் பார்த்தால் மாட்டிக்கொள்வீர்கள். பான்டோபிரசோல் வயிற்று அமிலத்துக்கு, ஃப்ளூகோனசோல் பூஞ்சைக்கு, மெட்ரோனிடசோல் சீதபேதி மாதிரியான கிருமிகளுக்கு, அல்பெண்டசோல் குடற்புழுவுக்கு. இதையெல்லாம் கடந்து பிரசோல் என்றால் அமில மருந்து என்று கற்றுக்கொண்டு நிம்மதியாக இருக்கும்போது ஏரிபிபிரசோல் வரும். அது மனநல மருந்து. அதனுடைய வால் பிபிரசோல், ஒரு அசை கூட. கடையில் புதிதாகச் சேரும் பையன்களுக்கு இந்த ஐந்தையும் ஒன்றாக மேசையில் பரப்பி வைத்துக் காட்டுவேன்.

மாப் என்று முடிகிற ஊசிகள் (ரிடுக்ஸிமாப், டிராஸ்டுசுமாப் போன்றவை) ஆன்டிபாடி மருந்துகள். அந்த வாலில் பெயர்கள் நெருக்கியடித்துக்கொண்டு ஒன்றுபோலவே ஒலிக்கத் தொடங்கியதால், 2021இல் புதிய மருந்துகளுக்கு மாப் வேண்டாம் என்று முடிவு செய்து, டக், பார்ட், மிக், மென்ட் என்று நான்காகப் பிரித்துவிட்டார்கள். பழைய ஊசிகளின் பெயர் மாறாது.