பிரபுக்களிடம் இப்போது என்ன மிச்சம்?

கவிதா: பெரியப்பா, டேவிட் கேமரன் எம்.பி. பதவியை விட்டு ஏழு ஆண்டுகள் கழித்து, 2023 நவம்பரில், தேர்தலில் நிற்காமலேயே பிரிட்டனின் வெளியுறவு அமைச்சரானாரே, அது எப்படிச் சாத்தியமாயிற்று?

பெரியப்பா: அமைச்சர் இரு அவைகளில் ஒன்றில் இருக்க வேண்டும் என்பது அங்குள்ள மரபு, கவிதா. அதனால் அப்போதைய பிரதமர் ரிஷி சுனக் அவரைப் பிரபுவாக்கி, மேலவையான பிரபுக்கள் சபையில் அமர்த்தினார். ஆனால் கீழவையான காமன்ஸ் சபைக்குள் சென்று பேசப் பிரபுக்களுக்கு இடமில்லை. காசாப் போர் நடந்துகொண்டிருந்த அந்த மாதங்களில், மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்களின் கேள்விகளுக்கு அவருக்குக் கீழிருந்த ஆண்ட்ரூ மிட்செல்தான் எழுந்து பதில் சொன்னார். எனக்கு அது கண்ணுக்கு உறுத்தலாகவே இருந்தது.

கமலா அத்தை: முன்பெல்லாம் பிரதமரே பிரபுக்கள் சபையிலிருந்துதானே ஆட்சி நடத்தினார், அண்ணா?

பெரியப்பா: ஆமாம் கமலா, 1902-இல் விலகிய சாலிஸ்பரி பிரபுவோடு அது முடிந்தது. 1963-இல் பிரதமரான ஹோம் பிரபு, பரம்பரைப் பட்டத்தைத் துறந்து, இடைத்தேர்தலில் வென்று காமன்ஸுக்கு வந்தார். சரிவைத் தேடிக்கொண்டவர்கள் பிரபுக்களே. 1909-இல் நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜ், முதியோர் ஓய்வூதியத்துக்கும் போர்க்கப்பல்களுக்கும் பணம் திரட்டுவதற்காகச் செல்வர்களின் வருமானத்தின் மீதும் நிலத்தின் மீதும் வரி விதித்தபோது, நிலவுடைமையாளர்கள் நிறைந்த அந்தச் சபை, நிதி விஷயத்தில் குறுக்கிடுவதில்லை என்ற நெடுநாள் வழக்கத்தை மீறி பட்ஜெட்டையே நிராகரித்தது. அதனால் 1910-இல் இரண்டு பொதுத்தேர்தல்கள் வந்தன. தேவைப்பட்டால் புதிய பிரபுக்களை ஏராளமாக நியமித்துச் சபையை நிரப்ப மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் இணங்கியிருக்கிறார் என்று தெரிந்த பிறகு, 1911 ஆகஸ்ட் 10 அன்று, லண்டன் வெயிலில் வெந்துகொண்டிருந்த நேரத்தில், 131-க்கு 114 என்ற வாக்குகளில் மசோதாக்களை அடியோடு தடுக்கும் தங்கள் வீட்டோ அதிகாரத்தைப் பறிக்கும் மசோதாவைத் தாங்களே நிறைவேற்றிக் கொடுத்தார்கள்.

கவிதா: வெறும் 17 வாக்கு வித்தியாசமா! அதன்பின் அவர்களால் எதையுமே தடுக்க முடியாதா?

பெரியப்பா: தாமதப்படுத்தலாம். நிதி மசோதாவை ஒரு மாதம்; மற்றவற்றை முதலில் இரண்டு ஆண்டுகள், 1949-க்குப் பிறகு ஏறத்தாழ ஓராண்டு. நாய்களை ஏவி நரி வேட்டையாடுவதைத் தடை செய்த 2004-ஆம் ஆண்டுச் சட்டம், அவர்கள் எவ்வளவு எதிர்த்தும் அவர்களை மீறித்தான் வந்தது.

கமலா அத்தை: அப்படியென்றால் அந்தச் சபை வீண் செலவுதான்.

பெரியப்பா: அதை நான் ஏற்கமாட்டேன். காமன்ஸில் நேரமின்றி அவசரமாகக் கடந்துபோகும் பிரிவுகளை அவர்கள் வரிவரியாகப் படித்துத் திருத்துகிறார்கள். என் குறை நியமனத்தில்தான். 1958-இல், பட்டம் பிள்ளைகளுக்குப் போகாத ஆயுட்காலப் பிரபுக்கள் வந்தார்கள். பெண்களும் அப்போதுதான் உள்ளே நுழைந்தார்கள். 1999-இல் டோனி பிளேரின் அரசு 92 பேரைத் தவிர மற்றப் பரம்பரைப் பிரபுக்களை வெளியேற்றியது. அந்த 92 பேரையும் அனுப்பிவிட 2024-இல் ஸ்டார்மர் அரசு மசோதா கொண்டுவந்தது. பிறப்பால் வந்தவர்கள் போய், பெரும்பாலும் பிரதமர்கள் பரிந்துரைத்தவர்களே நிறைந்துவிட்டார்கள். எத்தனை பேரை நியமிக்கலாம் என்பதற்குச் சட்டத்தில் உச்சவரம்பே இல்லை.

கவிதா: வரம்பு வைக்க யாரும் முயலவில்லையா?

பெரியப்பா: 2017-இல் பர்ன்ஸ் பிரபுவின் குழு, 600 உறுப்பினர்கள் போதும், புதியவர்களுக்குப் பதவிக்காலம் 15 ஆண்டுகள் என்று பரிந்துரைத்தது. அப்போதைய பிரதமர் தெரசா மே நியமனங்களில் ஓரளவு கட்டுப்பாடு காட்டினார். அடுத்து வந்த போரிஸ் ஜான்சன் அதைப் பொருட்படுத்தவில்லை.