கவுண்டர்பாயின்ட்: ‘எதிர்ப்புள்ளி’யா, ‘இழையிசை’யா?

> கவுண்டர்பாயின்டுக்குத் தமிழில் ‘எதிர்ப்புள்ளி’ என்றே வைக்கலாமே, மூலச்சொல்லும் அதுதானே?

மூலம் அதுதான் ஐயா. தனித்தனி மெட்டுகளை ஒரே நேரத்தில் ஒன்றோடொன்று பொருந்த ஒலிக்கவிடும் கலைக்கு அந்தப் பெயர். லத்தீனில் புள்ளிக்கு எதிர் புள்ளி. சுரத்தைப் புள்ளியாகக் குறித்த காலத்துச் சொல். நாம் சுரத்தைப் புள்ளி என்பதில்லை. வாசிப்பவருக்குக் கோலம்தான் நினைவுக்கு வரும்.

‘இணையிசை’ அதைவிட மோசம். இரண்டு மெட்டுகள் ஸ–ப இடைவெளியில் (ஸ ரி க ம ப என எண்ணினால் ஐந்து) இணையாகவே நகர்வதைத்தான் கவுண்டர்பாயின்ட் இலக்கணம் முதலில் தடுக்கிறது. இரண்டும் ஒன்றாய்க் கரைந்து, தனித்தனியாகக் கேட்காது. ‘பின்னிசை’யைப் பின்னணி இசை என்று படிப்பார்கள். ‘துணைமெட்டு’ என்றால் ஒன்று எஜமான், மற்றது ஏவலாள்.

என் பரிந்துரை ‘இழையிசை’. எத்தனை மெட்டு என்பதை ஈரிழை, மூவிழை என்று சொல்லிக்கொள்ளலாம். 1978இல் வந்த ‘சிட்டுக்குருவி’ படத்தின் ‘என் கண்மணி’ பாட்டு ஈரிழை: இரண்டு குரல் வரிகளையும் பிரித்துப் பாடினாலும் பொருள் நிற்கும், கலந்தாலும் நிற்கும்.

> ராகத்தில் அமைந்த சினிமாப் பாட்டுக்கும் இது பொருந்துமா? அங்கே இரண்டாவது மெட்டு வந்தாலே ராகம் கெடுகிறதே.

கெடும் இடம் தெரிந்தால் தப்பிக்கலாம். மோகன ராகத்தை எடுங்கள்: ஸ ரி க ப த. ம, நி இல்லை. ‘ஸ’வுக்கு மேல் ஒரு சுரம் விட்டு ‘க’ வைக்கலாம். ‘ரி’க்கு அதே கணக்கில் ‘ம’ வேண்டும், ‘ப’வுக்கு ‘நி’ வேண்டும். இரண்டையும் சேர்த்தால் மோகனம் போய்விடும். ம, நி எந்த வகை என்பதைப் பொறுத்துச் சங்கராபரணமோ கல்யாணியோ ஹரிகாம்போதியோ என வேறு ராகம் எட்டிப்பார்க்கும். ‘ம’வைத் தாண்டி ரி–ப என்று வைத்தால் நாலாம் இடைவெளி (ரி க ம ப), ஈரிழையில் கறாரான இலக்கணம் அதை முரணாகவே, அதாவது ஒத்திசையாத ஒலியாகவே, கொள்கிறது. எனவே மெட்டு ‘ரி’க்கு வரும்போது கீழிழையில் ‘ஸ’வையும் மேலிழையில் ‘ப’வையும் தவிர்த்து, கீழே ‘த’ கொடுங்கள். த–ரி நாலாயிற்றே என்பீர்கள். ஆம், அதனால் அங்கே கடந்து போகலாம், நிற்கக் கூடாது. நிற்க வேண்டுமானால் கீழே ‘ப’: ப–ரி ஐந்து.

கமகம், அதாவது சுரத்தை அசைத்துப் பாடுவது, வேறு தொல்லை. தோடி ராகத்தின் காந்தாரம் (‘க’) அசைந்துகொண்டே இருப்பதால் மற்ற இழையோடு அதன் இடைவெளி நிலைப்பதில்லை. ஓர் இழை அசையும்போது மற்றது ஒரே சுரத்தில் நிற்கட்டும்.

> சரி, ‘இழையிசை’க்கு என் வாக்கு. ஆனால் ஒரு பாட்டில் மெட்டுகளும் ஒலிகளும் சேர்ந்து அமையும் விதமான ‘டெக்ஸ்சர்’க்கும் சிலர் ‘இழை’யைக் கேட்கிறார்களே?

அவர்களுக்கு ‘நெசவு’ கொடுத்துவிடலாம்.